ஒரே எண்ணில் இரண்டு பை

புஷ்பத்தைப் பற்றி நான் முதலில் கேள்விப்பட்டது தொலைபேசியிலா, நேரிலா என்பது இப்போது எனக்கு நிச்சயமாக இல்லை. தொலைபேசி என்றுதான் நினைக்கிறேன். மறுமுனையில் சுயம்புலிங்கம் அண்ணாச்சி. "ஒரே நம்பர்ல ரெண்டு பை வந்ததா அந்தப் பிள்ள சொல்லுது. அப்படி வருமா தம்பி?" என்று கேட்டார். நான் பதில் சொன்னேன். "வர வாய்ப்பில்லை" என்றேனா, "வராது" என்றேனா என்பதில்தான் சந்தேகம். மூன்று வருடங்களாக யோசித்துப் பார்க்கிறேன். முதலாவது என்றால் நான் கொஞ்சம் நல்லவன். அண்ணாச்சி இரண்டாவதைத்தான் கேட்டதாகச் சொல்கிறார். எதிர் மேஜையில் இருந்த ஸ்ரீவத்சனும் அதையேதான் சொல்கிறான். நினைவு என்று என்னிடம் இருப்பதை நானே அவ்வப்போது திருத்தி எழுதியிருக்கக்கூடும். மற்றதை முடிந்தவரை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

ஸ்ரீவத்சனும் நானும் மயிலாப்பூரில், கச்சேரி சாலையை ஒட்டிய ஒரு சந்தில், மருந்துக்கடையின் மேல்மாடியில் அலுவலகம் வைத்திருந்தோம். இரண்டு மேஜை, ஒரு ஏ.சி., வாசலில் செருப்பு விட ஒரு பலகை. கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுப்பது தொழில். எங்களுடைய பெரிய வாடிக்கை தி.நகரில் இருந்த மூன்று மாடிப் பட்டுக்கடை. அதன் முதலாளி சுயம்புலிங்கம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருடம் ஆகியும் பேச்சு மாறாதவர்.

அந்தக் கடையின் நடைமுறை இது. மாடியில் தேர்ந்தெடுத்த புடவையைக் கூடையில் போட்டுத் தரைத்தளத்துக்கு அனுப்பிவிடுவார்கள். வாங்கியவர் கீழே பன்னிரண்டு பில் கவுண்டர்களில் ஏதாவது ஒன்றுக்கு வருவார். பில் போட்டதும் சர்வர் ஒரு டெலிவரி எண் கொடுக்கும். காலையில் ஒன்றில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும் எண். அது இரண்டு சீட்டுகளில் அச்சாகும். ஒன்று வாங்கியவர் கைக்கு, மற்றது பையின் மேல். டெலிவரி கவுண்டரில் சீட்டைக் காட்டினால் அதே எண்ணுள்ள பையைக் கொடுத்துவிட்டு, சீட்டைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போடுவார்கள். கடை மூடியதும் எண் பூஜ்யத்துக்குப் போய்விடும். அன்றைய எண் அன்றைக்கு மட்டும்தானே, அதைச் சேமித்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த எண்ணைக் கொடுக்கும் நான்கு வரிகளை, பைகள் மாறத் தொடங்குவதற்கு ஆறு வருடங்களுக்கு முன் எழுதியவன் நான்.

டெலிவரி கவுண்டரில் பதினொரு வருடமாக நின்றவர் புஷ்பம்.

அந்த ஆவணியில் பைகள் மாறத் தொடங்கின. ராயப்பேட்டையிலிருந்து வந்த ஹாஜிரா பீ என்ற அம்மாள், மகளுடைய நிக்காஹுக்கு அரக்கு நிறத்தில் ஒரு பட்டு எடுத்திருந்தார். வீட்டுக்குப் போய்ப் பையைத் திறந்தால் உள்ளே இரண்டு சுங்கடிச் சேலைகள். அவருடைய பட்டு யார் கைக்குப் போனது என்று தெரியவில்லை. எடுத்துப் போனவர்கள் திருப்பிக் கொண்டு வரவில்லை. அதன்பின் இரண்டு முறை வேறு பைகள் மாறின. ஒரே எண்ணில் இரண்டு பை வந்தது என்று புஷ்பம் சொன்னார். அண்ணாச்சி எனக்குப் போன் செய்தது அப்போதுதான்.

பதில் சொல்லிவிட்டேனே தவிர, மனம் ஆறவில்லை. லாக் போட்டேன். அதாவது சர்வர் ஒவ்வொரு அடியிலும் என்ன செய்கிறது என்பதை ஒரு கோப்பில் வரிவரியாக எழுதிவைக்கச் சொன்னேன். இரண்டு வாரம் அது எழுதியது. ஒரு பைகூட மாறவில்லை. எண்கள் வரிசையாக ஏறியிருந்தன. பில் போடும் பெண்கள், மிஷின் மெதுவாகிவிட்டது என்று குறைப்பட்டார்கள். லாக்கை எடுத்துவிட்டு அண்ணாச்சிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். கண்காணித்ததில் மென்பொருளில் பிழை எதுவும் இல்லை என்று.

எடுத்த மூன்றாம் நாள் ஒரு பை மாறியது. புரட்டாசி முடிவதற்குள் இன்னும் மூன்று.

கடையில் இதற்கு ஒரே அர்த்தம்தான் சொன்னார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தவரை அந்தப் பெண் ஒழுங்காக இருந்தாள், கண்ணை எடுத்ததும் ஆரம்பித்துவிட்டாள். தெரிந்தவர்களை வரச்சொல்லி நல்ல பட்டாகக் கைமாற்றுகிறாள் என்று பேச்சு. தீபாவளி நெருக்கத்தில் உடனே வேறு ஆள் கிடைக்கவில்லை. அதனால் அவர் பின்னால் ஒரு செக்யூரிட்டியை நிற்கவைத்து, அடுத்த வெள்ளிக்கிழமை வரை வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

இதையெல்லாம் புஷ்பமே வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை, அவருடைய வார விடுமுறை நாளில், நொச்சிக்குப்பத்திலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு நடந்தே வந்தார். நாற்பது வயதிருக்கும். தோளில் ஒரு பை. வாசலில் செருப்பை விட்டுவிட்டு எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஜவஹர் சாரு யாரு?"

நான் வகுப்பில் போலக் கையைத் தூக்கினேன்.

"நீங்கதானா. பேர கேட்டு வயசானவருன்னு நெனச்சிக்கினு வந்தேன். நான் புஷ்பம். டெலிவரி கவுண்டரு."

ஸ்ரீவத்சன் எழுந்து நாற்காலியைத் தள்ளினான். "உக்காருங்கோம்மா. காபி சொல்லட்டுமா?"

"வோணாம் சார். காபிய குட்சிட்டு அப்பால திட்ட முடியாது."

உட்கார்ந்தார். திட்டவில்லை. கொஞ்ச நேரம் எங்கள் ஏ.சி.யையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஒரே நம்பரு வராதுன்னு சொன்னீங்களாமே," என்றார்.

நான் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினேன்.

"வந்துச்சி சார். நானூத்திப் பதினொண்ணு. ஒரு அம்மாவுக்கு பைய குட்தேன். அவங்க போயி வாசல்கூட தாண்டல, இன்னொரு அம்மா அதே நம்பரு சீட்ட நீட்றாங்க. திரும்பிப் பாத்தா அதே நம்பர்ல இன்னொரு பையி கீது. நான் இன்னா பண்ண? குட்தேன். பின்னால பத்து பேரு கத்திக்கினு கீறாங்க."

"நாங்க ரெண்டு வாரம் பார்த்தோம்மா," என்றேன். "அந்த ரெண்டு வாரமும் ஒரு எண்கூடத் தப்பல. அதனாலதான்…"

"அதனாலதான் நீங்க பாக்க சொல்ல நான் ஒழுங்கா இருந்தேன்னு அல்லாரும் சொல்றாங்க." அவர் குரல் உயரவில்லை. "நான் எப்பவும் இருக்கறா மாறிதான் சார் இருந்தேன். நீங்க பாக்க சொல்ல உங்க மிஷினுதான் ஒழுங்கா இருந்துச்சி."

அவர் அதைக் குத்தலாகத்தான் சொன்னார். எனக்கு அது ஒரு தகவலாகக் கேட்டது. நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஸ்ரீவத்சன் என் மௌனங்களுக்குப் பழகியவன். புஷ்பம் பழகியவர் இல்லை. "இன்னா சார், கோவமா?" என்று அவர் கேட்டது நினைவிருக்கிறது.

கோபமில்லை. அந்த நான்கு வரிகளை மனதுக்குள் படித்துக்கொண்டிருந்தேன்.

சர்வருக்குள் வேலை செய்வது ஒரே ஆள் இல்லை. பன்னிரண்டு கவுண்டர்கள் கேட்டால் பன்னிரண்டு பேர் கிளம்புவார்கள். த்ரெட் என்று அவர்களுக்குப் பெயர். ஒவ்வொருவரும் செய்வது ஒரே காரியம். எல்லோருக்கும் பொதுவான ஒரு பலகை இருப்பதாக வைத்துக்கொள்ளலாம்; அதில் இருக்கும் கடைசி எண்ணைப் படிக்க வேண்டும், ஒன்றைக் கூட்ட வேண்டும், பழையதை அழித்துப் புது எண்ணை எழுத வேண்டும். ஒருவர் 410 என்று படித்துவிட்டு 411 என்று எழுதுவதற்குள் இன்னொருவர் வந்து பலகையைப் பார்த்தால் அவருக்கும் 410தான் தெரியும். அவரும் 411 என்றுதான் எழுதுவார். இருவருமே சரியாகக் கூட்டியிருப்பார்கள். எண் மட்டும் ஒன்றாகிவிடும். இது நடக்காமல் இருக்க, ஒருவர் பலகையின் முன் நிற்கும்போது மற்றவர் உள்ளே வராதபடி கதவைப் பூட்ட வேண்டும். ஒரு வரி போதும். அந்த வரியை நான் எழுதியிருக்கவில்லை.

அப்படியானால் அந்த இரண்டு வாரம் ஏன் ஒழுங்காக இருந்தது என்பதுதான் கேள்வி.

"ஸ்ரீவத்சா," என்றேன். "டெலிவரி நம்பர்ல பூட்டு இல்ல."

அவன் என் திரையைப் பார்க்க எழுந்து வந்தான். நின்றபடியே படித்தான். "இல்லைதான்," என்றான். பிறகு மெதுவாக, "நீ லாக் எழுதினது ஒரே ஃபைல்லதானே?"

"ஆமா."

"அந்த ஃபைல்ல ஒரு சமயத்துல ஒருத்தன்தானே எழுத முடியும்? மத்தவா எல்லாரும் அவன் முடிக்கறவரைக்கும் காத்துண்டு நிப்பா." அவன் சிரித்தான். "அப்போ நீ லாக் போடப்போய் லாக் போட்டிருக்கே."

ஆங்கிலத்தில் அவை இரண்டு வேறு சொற்கள். ஒன்று பதிவேடு, மற்றது பூட்டு. எங்கள் வாயில் இரண்டும் ஒன்றாகவே வரும். எத்தனையோ நாள் எந்த லாக் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இந்த முறை கேட்க வேண்டியிருக்கவில்லை. என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதற்காக நான் அவர்களை எழுதச் சொன்னேன். எழுதுவதற்காக வரிசையில் நின்றார்கள். அதே வரிசையில் பலகைக்கும் வந்தார்கள். நான் லாக்கை எடுத்தபோது வரிசை கலைந்துவிட்டது.

"இன்னா சிரிக்கிறீங்க?" என்றார் புஷ்பம்.

"நீங்க சொன்னதுதாம்மா சரி," என்றேன். "நாங்க பார்க்கும்போது மிஷின்தான் ஒழுங்கா இருந்தது."

அவர் முகத்தில் நிம்மதி எதுவும் தெரியவில்லை. "சரின்னு எங்கிட்ட சொல்லி இன்னா சார் ஆவும்? வெள்ளிக்கெழமயோட முடிஞ்சிது எனக்கு. தி.நகர்ல ஒரு கடைல திருடின்னு சொன்னா பத்து கடைக்குக் கேக்கும். வேற எங்க போயி நிப்பேன்?"

எனக்கும் அதில் இன்னொரு சிக்கல் தெரிந்தது. ஒருவர் படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளி ஒரு விநாடியில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் இரண்டு கவுண்டர்கள் கேட்டால்தான் இது நடக்கும். ஆறு வருடங்களாக நடக்கவில்லை. ஏழு வாரத்தில் ஏழு முறை நடந்தது என்று போய்ச் சொன்னால் அண்ணாச்சி ஏன் என்று கேட்பார்.

புஷ்பம் பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு சிறு கட்டை எடுத்து மேஜையில் வைத்தார். தினசரி நாள்காட்டியில் கிழித்த தாள்கள். ஒவ்வொன்றின் பின்புறமும் நீலப் பேனாவில் ஒன்றோ இரண்டோ பில் எண்கள், பில்லில் அச்சாகியிருந்த நேரம். பை மாறியது என்று சண்டைக்கு வந்தவர்களிடமெல்லாம் பில்லை வாங்கிப் பார்த்துக் குறித்துக்கொண்டிருக்கிறார். மாறிய பைக்குரிய இருவரும் திரும்பி வந்த இடங்களில் இரண்டு பில்லிலும் ஒரே நேரம் இருந்தது. நான் ஒரு பில்லைக்கூடக் கேட்டு வாங்கியிருக்கவில்லை.

கணினியில் ஏற்றுவதற்காக வாய்விட்டுப் படித்தேன். "வெள்ளி, பன்னிரண்டு மணி. சனி, பத்தரை. மறுபடி வெள்ளி, பன்னிரண்டு. ஞாயிறு…"

"ஆறு மணியா?" என்றான் ஸ்ரீவத்சன், தன் மேஜைக்குத் திரும்பிக்கொண்டே.

தாளைப் பார்த்தேன். ஆறு.

"புதன்கிழமை ஏதாவது இருந்தா ஒண்ணரையா இருக்கும்," என்றான். "வியாழன்னா மூணு."

இருந்தது. புதன் ஒன்றரை. வியாழன் மூன்று.

"எப்படிடா?"

"ராகு காலம் முடியற நேரம்டா எல்லாம். எங்காத்துல பால்காரனுக்கு பணம் கொடுக்கறதுக்குக்கூட அம்மா இதைப் பாத்துண்டுதான் வருவா."

எங்கள் வீட்டில் அப்பா அதையெல்லாம் பார்க்கக்கூடாது என்று வளர்த்தவர். எனக்கு அந்த நேரங்கள் வெறும் எண்களாகத்தான் தெரிந்தன. புஷ்பம் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இது தெரியாதா உங்களுக்கு? அந்தப் பக்கம் திருப்புங்க சார். போட்டுகீது."

திருப்பினேன். ஒவ்வொரு தாளின் முகப்பிலும், தேதிக்குக் கீழே, இராகு காலம் அச்சாகியிருந்தது.

"கல்யாணப் பொடவ எடுக்கறவங்க ராவுகாலத்துல பில்லு போட வுடமாட்டாங்க," என்றார். "மாடில எய்திக் குட்த சீட்ட குட்துட்டு கவுண்டர் எதிர்லயே உக்காந்துக்குவாங்க. பொண்ணுங்க அல்லாத்தயும் ஏத்தி ரெடியா வெச்சிருக்கும். கடைசி பட்டன் மட்டும்தான் பாக்கி. 'பன்னெண்டு ஆவட்டும்மா, அப்பால தட்டு'ன்னுவாங்க. ஸ்க்ரீன்ல டைமு மாறினதும் பன்னெண்டு பொண்ணுங்களும் ஒண்ணா தட்டும். அதுக்கு அப்பால அர மணி நேரம் எனக்கு மூச்சு வுட முடியாது."

"திங்கள், செவ்வாய்ல எதுவும் இல்லையே?"

"திங்கக்கெழம ஒம்போதுக்கே ராவுகாலம் முடிஞ்சிரும். கடையே தொறக்காது. செவ்வாக்கெழம யாரு சார் கல்யாணப் பொடவ எடுப்பாங்க?"

"ஹாஜிரா பீ அம்மா ராகு காலம் பார்த்திருக்க மாட்டாங்களே."

"அவங்க பாக்கல. பஸ்ஸுக்கு நேரமாச்சின்னு ஓடி வந்தாங்க. பன்னெண்டுக்கு வந்து மாட்டிக்கினாங்க."

அந்த ஆவணியில் மட்டும் ஏன் என்பதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆடியில் நாங்கள் புதிய பதிப்பு போட்டிருந்தோம். அதற்கு முன் பன்னிரண்டு கவுண்டர்களின் கடிகாரங்களும் பன்னிரண்டு விதமாக ஓடின. ஒன்று ஒரு நிமிடம் முந்தும், இன்னொன்று இரண்டு நிமிடம் பிந்தும். ராகு காலம் ஒவ்வொரு திரையிலும் ஒவ்வொரு சமயத்தில் முடிந்துகொண்டிருந்தது. புதிய பதிப்பில் எல்லாக் கடிகாரங்களையும் சர்வரின் நேரத்தோடு விநாடி பிசகாமல் இணைத்தேன். அதைப் பெரிய வசதியாக அண்ணாச்சியிடம் விளக்கியதும் நான்தான்.

அன்று மாலையே தி.நகருக்குப் போய் அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நுழைவாசலை ஒட்டிய சின்ன மேஜையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குக் கும்பிடு போட்டபடியே கேட்டார். முடித்ததும், "அந்தப் பிள்ள உங்களைப் பாக்க வந்துச்சோ?" என்றார்.

"வந்தாங்க."

"கெட்டிக்காரிதான். அதான் எனக்குப் பயம்." கொஞ்சம் யோசித்தார். "சரி, வெள்ளிக்கிழமை வாங்க தம்பி. பன்னெண்டு மணிக்கு நானே நின்னு பாக்கேன். நீங்க சொல்லுத மாதிரி நம்பர் ரெண்டா வந்தா, அதுக்கப்புறம் பேச்சே இல்ல."

வெள்ளிக்கிழமை நானும் ஸ்ரீவத்சனும் பதினொன்றரைக்கே போய்விட்டோம். மென்பொருளில் எதையும் தொடவில்லை. பன்னிரண்டு கவுண்டர்களுக்கு எதிரில் போட்டிருந்த நாற்காலிகள் நிரம்பியிருந்தன. பன்னிரண்டு நெருங்க நெருங்கப் பேச்சு குறைந்தது. அவ்வளவு கூட்டமுள்ள கடையில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. பில் போடும் பெண்களின் விரல்கள் விசைக்கு மேலே நின்றன. திரையின் மூலையில் நேரம் மாறியது. பன்னிரண்டு அச்சுப்பொறிகளும் ஒரே குரலில் ஓடின.

அண்ணாச்சியின் ஆட்கள் பன்னிரண்டு சீட்டுகளையும் வாங்கி அவருடைய மேஜையில் பரப்பினார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடுக்கினார். நூற்று முப்பத்தொன்று. நூற்று முப்பத்திரண்டு. அப்படியே நூற்று நாற்பத்திரண்டு வரை. ஒன்றுகூட இரட்டிக்கவில்லை. ஒன்றுகூட விடுபடவில்லை.

"பாத்தாச்சுல்லா," என்றார்.

டெலிவரி கவுண்டரிலிருந்து புஷ்பம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, நீட்டியிருந்த கையில் ஒரு பையைக் கொடுத்தார்.

எனக்கு அதிர்ச்சி இல்லை. ஏழு வாரத்தில் பல நாட்கள் எண் சரியாகத்தான் வந்திருக்கும். அன்றும் வந்தது. ஆனால் அதை எப்படிச் சொல்வது? நடக்கும், எப்போது என்று தெரியாது என்பது தப்பித்துக்கொள்கிறவன் பேச்சு. என்னை நம்ப அண்ணாச்சிக்கு ஒரு காரணமும் இல்லை. நான் அவரிடம் நம்பிக்கையாகச் சொன்ன ஒன்று ஏற்கெனவே பொய்யாகியிருந்தது, அதையும் அவர் இன்னும் நம்பிக்கொண்டிருந்தார்.

"ஒரு மணி நேரம் குடுங்க அண்ணாச்சி," என்றேன்.

புதுப் பெண்களுக்கு பில் போடப் பழக்குவதற்காக முதல் மாடியில் இரண்டு கவுண்டர்கள் தனியாக இருந்தன. அவற்றை என் மடிக்கணினியோடு இணைத்தேன். அதில் அதே மென்பொருளின் நகல். நான்கு வரிகளுக்கு நடுவில் ஒரு வரி சேர்த்தேன். எண்ணைப் படித்த பிறகு, எழுதுவதற்கு முன், ஒரு விநாடி சும்மா நில். அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத இடைவெளியைத் தெரியும் அளவுக்கு இழுத்துவைப்பது. அண்ணாச்சியை ஒரு கவுண்டரிலும் புஷ்பத்தை மற்றதிலும் உட்காரவைத்தேன். முதலாளியும் அவரும் அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை போலிருக்கிறது. புஷ்பம் நாற்காலியின் நுனியில் இருந்தார்.

"மூணு சொன்னதும் ரெண்டு பேரும் தட்டுங்க."

தட்டினார்கள். ஒரு விநாடி எதுவும் நடக்கவில்லை. பிறகு இரண்டு சீட்டுகள் வந்தன. அண்ணாச்சி தன்னுடையதைப் படித்தார். "ஒண்ணு."

"எனக்கும் ஒண்ணு மொதலாளி," என்றார் புஷ்பம்.

மறுபடி தட்டச் சொன்னார். இரண்டு, இரண்டு. மூன்றாவது முறை புஷ்பத்தை முந்தித் தட்டச்சொல்லி, மெதுவாகத் தானும் தட்டிப் பார்த்தார். மூன்று, நான்கு. அடுத்தது மறுபடி ஒன்றாக. ஐந்து, ஐந்து.

"நீங்க நடுவுல நிப்பாட்டி வச்சதால இப்படி வருது," என்றார் என்னிடம். "நிப்பாட்டாம வருமா?"

"வரும். இந்தக் கதவு ஒரு விநாடி திறந்திருக்கு. அங்க கண் இமைக்கிறதுல ஆயிரத்தில ஒரு பங்கு திறந்திருக்கும். திறந்திருக்கிறது ரெண்டு இடத்திலயும் உண்மை. அதில பன்னிரண்டு பேர் ஒரே சமயத்தில நுழைஞ்சா என்னிக்காவது ரெண்டு பேர் இடிச்சுக்குவாங்க."

அவர் சீட்டுகளை விரலால் நகர்த்தினார். "கதவைத் தொறந்து வச்சது யாரு?"

"நான்."

"நான் கேட்டப்பம் வராதுன்னு சொன்னியளே."

"சொன்னேன். பார்க்காம சொன்னேன்."

ஸ்ரீவத்சன் தரையைப் பார்த்தான். கீழே யாரோ மைக்கில் வண்டி எண் ஒன்றை வாசித்து நகர்த்தச் சொன்னார்கள். அண்ணாச்சி எழுந்தார். "ஏ புஷ்பம், போயி வேலையைப் பாரு. அந்த செக்யூரிட்டியை வாசலுக்கே போகச் சொல்லிருதேன். எல்லாம் சரியாப்போச்சு."

புஷ்பம் எழுந்திருக்கவில்லை. "இத அல்லாருக்கும் சொல்லணும் மொதலாளி."

"என்னத்தச் சொல்ல?"

"நான் எடுக்கலன்னு."

"கடையில சொன்னா வாறவங்க காதுக்குப் போகும் பிள்ள. தீபாவளி நேரம். பை மாறுத கடைன்னு பேராயிரும்."

"எனக்கு ஆயிருச்சே பேரு," என்றார் புஷ்பம்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். புஷ்பமும் என்னைத்தான் பார்த்தார். "நீங்க எழுதிக் குடுங்க சார். தமிழ்ல. நாங்க கையெழுத்து போட்ற எடத்துல ஒரு போர்டு கீது. கஸ்டமரு அங்க வரமாட்டாங்க."

அண்ணாச்சி மறுப்புச் சொல்லவில்லை. நான் ஒரு வெள்ளைத் தாளில் எழுதினேன். மென்பொருளில் ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு காரணமாகச் சில பைகள் மாறிவிட்டன என்றும், அதற்கு வருந்துகிறோம் என்றும். புஷ்பம் ஒவ்வொரு சொல்லாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுல யாரு தப்புன்னு இல்லியே சார். கோளாறுன்னா அது பாட்டுக்கு வந்தா மாறி கீது."

இன்னொரு தாள் எடுத்தேன். ஒரே எண்ணில் இரண்டு பை வந்தது உண்மை. எண் கொடுக்கும் மென்பொருளை எழுதியவன் நான். தவறு என்னுடையது. புஷ்பத்தின் மேல் எந்தத் தவறும் இல்லை. கீழே பெயரையும் எங்கள் நிறுவனத்தின் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் அதையும் படித்தார். மடிக்காமல் இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

பூட்டும் அந்த ஒரு வரியை அன்று மாலை நாலு மணிக்குள் சேர்த்துவிட்டேன். அதன்பின் எண் இரட்டிக்கவில்லை.

தாள் பொங்கல் வரை அந்த அறிவிப்புப் பலகையில் இருந்தது என்று கேள்விப்பட்டேன். புஷ்பம் இன்னும் ஒரு வருடம் அங்கே வேலை பார்த்தார். பிறகு வடபழனியில் ஒரு துணிக்கடையில் டெலிவரிக்குப் பொறுப்பாளராகச் சேர்ந்து, இப்போதும் அங்கேதான் இருக்கிறார். ஹாஜிரா பீக்கு அண்ணாச்சி வேறொரு பட்டு கொடுத்தார். அரக்கு நிறத்தில் கிடைக்காததால் அவர் பச்சையை எடுத்துக்கொண்டார். முதல் பட்டு யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சுயம்புலிங்கம் அண்ணாச்சி அடுத்த வருடம் வேறொரு நிறுவனத்தின் மென்பொருளுக்கு மாறினார். பில் போடுவதைப் பற்றி ஏதாவது சந்தேகம் வந்தால் அவர்களைக் கேட்பதற்கு முன் எனக்கு ஒரு போன் செய்வார். எங்கள் அலுவலகத்தை மூடிவிட்டோம். ஸ்ரீவத்சன் ஒரு பொறியியல் கல்லூரியில் கற்பிக்கிறான். நான் அடையாறில் ஒரு நிறுவனத்தில், மற்றவர்கள் எழுதியதைப் படித்துப் பிழை பார்க்கும் வேலையில் இருக்கிறேன்.